முதல் ஐந்து இடங்கள்

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாளுக்குரிய ‘பில்போர்டு ஹாட் 100’ பட்டியல் இசை வரலாற்றில் தனியிடம் பெற்றது. அமெரிக்காவில் அந்த வாரம் புகழ்பெற்றிருந்த நூறு பாடல்களை வரிசைப்படுத்திய அப்பட்டியலில், முதல் ஐந்து இடங்களையும் ஒரே குழு பிடித்திருந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த நான்கு இளைஞர்களின் ‘பீட்டில்ஸ்’ குழுதான் அது. முதலிடம் பெற்ற ‘கேன்ட் பை மீ லவ்’ முந்தைய வாரம் 27ஆம் இடத்தில் இருந்த பாடல்!

ஒரே குழுவின் ஐந்து பாடல்கள் ஒரே வாரத்தில் எப்படி விற்பனைக்கு வந்தன? பொதுவாக எந்த நிறுவனமும் அப்படிச் செய்யாது. ஒரு பாடலின் விற்பனை குறைந்த பிறகே அடுத்ததை வெளியிடும். இதற்கான விடை, பீட்டில்ஸ் சந்தித்த புறக்கணிப்பில் இருக்கிறது.

‘கேப்பிட்டல்’ என்ற பெரிய அமெரிக்க நிறுவனம் அவர்களின் தொடக்ககாலப் பாடல்களை வெளியிட மறுத்தது. அதனால் ‘வீ-ஜே’, ‘ஸ்வான்’ முதலிய சிறு நிறுவனங்கள் 1963இல் அவற்றை வெளியிட்டன. இசைத்தட்டுகள் விலைபோகவில்லை. வீ-ஜே வெளியிட்ட முதல் தட்டில் குழுவின் பெயரே எழுத்துப்பிழையோடு அச்சாகியிருந்தது. அந்த அளவுக்கு அவர்கள் அங்கே அறியப்படாதவர்கள்.

1964இன் தொடக்கத்தில் நிலைமை மாறியது. பிப்ரவரி 9 அன்று ‘எட் சல்லிவன்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர்கள் பாடியதை ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சம் பேர் கண்டனர். சிறு நிறுவனங்கள் பழைய தட்டுகளை மீண்டும் கடைகளுக்கு அனுப்பின. கேப்பிட்டலும் புதிய பாடல்களை வெளியிட்டது. போட்டி நிறுவனங்கள் யாவும் ஒரே குழுவின் பாடல்களை விற்றதால் ஐந்து இடங்களும் ஒருசேரக் கிடைத்தன. ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்திருந்தால் இது நிகழ்ந்திருப்பது ஐயமே.

2022 நவம்பர் 5ஆம் நாள் பட்டியலில் டெய்லர் ஸ்விஃப்ட் முதல் பத்து இடங்களையும் பிடித்தார். எனினும், இரண்டு சாதனைகளையும் ஒரே அளவுகோலால் அளக்க இயலாது. அன்று இரசிகர் கடைக்குச் சென்று, காசு கொடுத்துத் தட்டு வாங்க வேண்டும். இன்று கைப்பேசியில் ஒரு பாடலைக் கேட்டாலே அது கணக்கில் சேர்கிறது. ஒரு தொகுப்பின் எல்லாப் பாடல்களும் பட்டியலில் நுழையலாம். தனித்தட்டாக விற்பனைக்கு வராத பாடலுக்கோ 1998 டிசம்பர் வரை அதில் இடமே இல்லை.