பீடைநாசினியை மதிப்பிடும் கலை

கடையில் விற்கப்படும் ஒவ்வொரு பீடைநாசினியும் கமக்காரரின் கைக்கு வருமுன் ஒரு பரீட்சையிற் சித்தியடைந்திருத்தல் வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்படாத பீடைநாசினியை இலங்கையில் இறக்குமதி செய்தலோ விற்றலோ ஆகாது. பதிவை வழங்குபவர் பீடைநாசினிப் பதிவாளர். கம்பனியார் சமர்ப்பிக்கும் கோவைகளை மதிப்பிடும் உத்தியோகத்தர் கற்றுத் தேறவேண்டிய பாடங்கள் நான்கு. அவை கமக்காரருக்கும் பயன்படுவனவாதலால் ஈண்டுத் தரப்படுகின்றன.

1. நஞ்சும் ஆபத்தும்

பரிசோதனை எலிகளுட் பாதி இறப்பதற்கு, எலியின் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து தேவை என்பதைக் கொண்டு நஞ்சின் கடுமை அளக்கப்படும். உலக சுகாதாரத் தாபனத்தின் வகுப்பின்படி, வாய்வழியாக 5 மில்லிகிராமிலும் குறைந்த அளவே போதுமாயின் அது மிகக் கொடிய நஞ்சாகும். எண் சிறுக நஞ்சின் கடுமை பெருகும்.

இவ்வெண் மட்டும் போதாது. உடலிற் படும் அளவையும் கணித்தல் வேண்டும். கையுறையும் முகமூடியும் அணிக எனச் சுட்டுத்துண்டில் அச்சிடுதல் எளிது. வெயிலில், சேற்று வயலில், கசியும் தெளிகருவியை முதுகிற் சுமப்பவர் அவற்றை அணிவாரா என்பதே வினா. அணியமாட்டாரெனின், அணிவார் என எண்ணி அனுமதி வழங்குதல் தவறாகும்.

2. விளைபொருளில் எஞ்சும் நஞ்சு

எடுத்துக்காட்டாக, தெளித்த அன்று கத்தரிக்காயில் ஒரு கிலோகிராமுக்கு 4 மில்லிகிராம் மருந்து உள்ளதெனவும், அது 2 நாளுக்கொருமுறை பாதியாகக் குறைகின்றதெனவும் கொள்வோம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.5 மில்லிகிராமாயின், 2 ஆம் நாள் 2 உம், 4 ஆம் நாள் 1 உம், 6 ஆம் நாள் 0.5 உம் எஞ்சும். ஆதலால் 6 நாட்கள் காத்திருத்தல் வேண்டும். இரண்டாம் நாளிற் பறித்துச் சந்தைக்கு அனுப்புபவர், அனுமதித்த அளவின் நான்கு மடங்கை உண்போருக்கு வழங்குகின்றார்.

3. பயனுண்டோ என அறிதல்

மருந்து தெளித்த பாத்தியைத் தெளிக்காத பாத்தியுடன் ஒப்பிடல் வேண்டும். பரிசோதனையைப் பல பாத்திகளிற் திரும்பச் செய்தல் வேண்டும். இறந்த பீடைகளை மட்டும் எண்ணுதல் போதாது. நெல்வயலில் அறக்கொட்டியானைத் தின்னும் சிலந்திகளையும் கொல்லும் மருந்து, சில நாட்களின் பின் அறக்கொட்டியானை முன்னிலும் பெருகச் செய்யக்கூடும்.

4. தடையின் பின் வருவது யாது?

இலங்கையில் பரத்தியன், மெதைல் பரத்தியன் என்பன 1984 இல் தடைசெய்யப்பட்டன. மொனோகுரோட்டோபொஸ், மெதமிடொபொஸ் என்பன 1995 இல் தடைசெய்யப்பட்டன. அவற்றின் இடத்தை என்டோசல்பான் பிடித்தது. அதனை உட்கொண்டு இறந்தோர் தொகை உயர்ந்தது. 1998 இல் அதுவும் தடைசெய்யப்பட்டது. 1995 இற்குப் பின்னர் நாட்டில் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. மனம் நொந்த கணத்தில் கைக்கெட்டும் நஞ்சு கடுமை குறைந்ததாயின், உயிர் பிழைக்க வழியுண்டு. ஒன்றைத் தடைசெய்யும்போது அதற்குப் பதிலாக எது வருமென்பதையும் உத்தியோகத்தர் முன்கூட்டியே ஆராய்தல் வேண்டும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

(அ) பதிவு இலக்கமும் சுட்டுத்துண்டும் இல்லாத மருந்தை வாங்கற்க. அதனை எவரும் மதிப்பிடவில்லை.

(ஆ) குறித்த பயிருக்கு, குறித்த அளவே தெளிக்க. அறுவடைக்கு முன் குறித்த நாட்கள் காத்திருக்க.

(இ) மருந்தை வீட்டினுள் வைக்காது, பூட்டிய பெட்டியிற் பாதுகாக்க.

(ஈ) மருந்து பயனளிக்காவிடினும், தெளித்தவருக்குத் தலைச்சுற்றோ வாந்தியோ ஏற்படினும், உடன் வைத்தியசாலையை நாடியபின், போத்தலுடன் விவசாயப் போதனாசிரியருக்கு அறிவிக்க. பதிவு பெற்ற மருந்தையும் மீள ஆராய்ந்து தடைசெய்யலாம். அதற்கு வேண்டிய சான்று வயலிலிருந்தே வருதல் வேண்டும்.