பால், பிஸ்கட், கோழி: மூன்றையும் நிறுத்திப் பார் தம்பி

நேற்று ராத்திரி ஷிப்ட் முடிந்து போன் பண்ணி, "அக்கா, ஜிம்மி இன்னும் சொறிஞ்சுக்கிட்டே இருக்கானாமே, ஓசூர்ல நல்ல ஃபுட் எதாவது வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டாய். அவசரப்பட்டு எதையும் வாங்கிவிடாதே. காலையில் அம்மா வீட்டுக்குப் போய் அவனைத் திண்ணையில் மல்லாக்கப் புரட்டிப் போட்டு முழுசாகப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

தொடை இடுக்கு சிவந்திருக்கிறது. காதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சூடு, லேசான புளிச்ச வாடை. முன்னங்கால் விரல்களுக்கு நடுவே ராத்திரி பகலாக நக்கி நக்கி, வெளிர் மஞ்சளாக இருந்த முடி செங்காவி நிறத்துக்கு வந்துவிட்டது. எச்சில் பட்டுப் பட்டுத்தான் அப்படி மாறும். பெங்களூரிலிருந்து நீ மடியில் வைத்துத் தூக்கி வந்தபோது பஞ்சு மாதிரி இருந்த நாய்க்குட்டி. மூன்றரை மாச வயசுக்குள் அது படுகிற பாட்டைப் பார்க்க எனக்கே மனசு தாங்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் போன மாசம் என்ன செய்தோம் என்று உனக்குத் தெரியணும். குட்டி சொறிகிறது என்றதும் எல்லாரும் சாப்பாட்டைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். ஆனால் குட்டி நாய்க்கு அரிப்பு வருவது அதிகமும் பூச்சியால்தான். என் பொண்ணுக்கு வாங்கிய பேன் சீப்பால் அவன் முதுகிலும் வால் அடியிலும் சீவி, விழுந்த கருப்புப் பொடியை நனைத்த வெள்ளை வேட்டித் துணியில் தட்டினேன். ஏழெட்டுத் துகள் விழுந்தது. அதில் நாலைந்து கொஞ்ச நேரத்தில் சிவப்பாகக் கரைந்து பரவியது. வெறும் மண்ணாக இருந்தால் அப்படிக் கரையாது. தெள்ளுப்பூச்சி குடித்த ரத்தம் எச்சமாக வந்தது அது. அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிப் போனோம். பிடரியில் விடுகிற சொட்டு மருந்து கொடுத்தார். அவன் படுக்கிற சாக்கைக் கொதிநீரில் அலசி வெயிலில் போட்டோம், திண்ணையையும் ஆட்டுப்பட்டியையும் கூட்டித் தள்ளினோம். நாய் மேல் இருக்கும் பூச்சி கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் தரையிலும் துணியிலும்தான் கிடக்கும்.

இன்னொரு சோதனையும் டாக்டர் செய்து காட்டினார். காது மடலின் ஓரத்தை மடக்கி விரலால் தேய்த்தால், பின்னங்கால் தானாகச் சொறிகிற மாதிரி ஆடுகிறதா என்று பார்ப்பது. ஆடினால் சொறிப்பூச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். அது மனுஷருக்கும் தொற்றும், கையில் சிவப்புச் சிவப்பாகத் தடிக்கும். ஜிம்மிக்குக் கால் ஆடவில்லை. தோலைப் பிளேடால் லேசாகச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததிலும் ஒன்றுமில்லை. சொட்டு மருந்து போட்டு நாலு வாரமாகிறது. முதுகு அரிப்பு நின்றுவிட்டது. காது, பாதம், தொடை இடுக்கு மட்டும் நிற்கவே இல்லை. அதனால்தான் இப்போது சாப்பாட்டுக்கு வருகிறோம். சொட்டு மருந்தை மாசாமாசம் நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருக்கணும். பூச்சி திரும்பி வந்தால் அரிப்பு எதனால் என்றே கண்டுபிடிக்க முடியாது.

நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் நாய்க்குச் சொறி என்றால் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வேஸ்ட் ஆயிலை வாங்கி வந்து உடம்பெல்லாம் பூசுவார்கள். உன் பட்டறை நண்பன் ஒரு டப்பா கொடுத்தாலும் கொண்டு வராதே. நாய் அதை நக்கி விழுங்கும், தோல் வழியாகவும் உள்ளே போகும். மண்ணெண்ணெய், பினாயிலும் அப்படித்தான். ஆடு மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் கண் அளவில் குட்டிக்குப் போடுவதும் உயிரோடு விளையாடுவது. நம்முடைய படர்தாமரை ஆயின்மென்டும் வேண்டாம், பூசிய அடுத்த நிமிஷம் நக்கிவிடுவான்.

இனி சாப்பாடு. அம்மாவிடம், "இவனுக்கு ஒரு நாளைக்கு என்னென்ன போடறீங்க?" என்று கேட்டேன். "சோறுதான், வேற என்ன" என்றார். பக்கத்திலேயே உட்கார்ந்து கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஒவ்வொன்றாக எழுதினேன். காலையில் பாலில் ஊறவைத்த பிஸ்கட். மதியம் கோழிக் குழம்பு மிச்சத்தோடு சோறு, இல்லாவிட்டால் கறிக்கடையில் வாங்கிய கோழித் தலையும் காலும் வேகவைத்தது. சாயந்திரம் தெருப் பிள்ளைகள் கையால் பிஸ்கட். ராத்திரி மோர் ஊற்றிக் கரைத்த ராகிக் கூழ். இதெல்லாம் போக, நீ வாங்கி வந்த பாக்கெட் தீனி. அதன் முன்பக்கத்திலேயே கோழிப் படம். எழுதி முடித்ததும் அம்மாவே தாளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவா போடறேன்?" என்றார்.

நாய்களுக்குச் சாப்பாட்டால் வரும் தோல் அலர்ஜியைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் ஒரு கட்டுரை வந்தது. 297 நாய்களின் கணக்கு. எந்த உணவுக்கு அதிகமாக அலர்ஜி என்று பார்த்தால் மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13. மாட்டிறைச்சி நம் வீட்டில் கிடையாது. மீதி மூன்றும் காலண்டர் தாளில் அப்படியே இருக்கிறது. பிஸ்கட் என்றால் கோதுமை மைதா, மோர் என்றால் பால்தான். ஆசை ஆசையாக ஊட்டுவதெல்லாம் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. அதற்காகக் கோழி கெட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. ஏராளமான நாய்கள் அதையே தின்று நன்றாக இருக்கின்றன. சில நாய்களின் உடம்பு, அடிக்கடி தின்கிற புரதத்தை எதிரியாக நினைத்துச் சண்டை போட ஆரம்பிக்கிறது. அந்தச் சண்டைதான் தோலில் தெரிகிறது.

அம்மா சொன்ன யோசனையையும் சொல்லணும். "கோழி சூடு, அதான் சொறியுது. குளிர்ச்சியா மோர்சோறு போட்டா சரியாயிடும்." நம்மூரில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் கோழியை நிறுத்தி மோரைக் கூட்டினால் ஒரு சந்தேகத்தை விட்டுவிட்டு இன்னொரு சந்தேகத்தைப் பிடித்த மாதிரிதான். பாலுக்கு அலர்ஜி என்றால் குளிர்ச்சி என்று ஊற்றிய மோரே அவனைச் சொறிய வைக்கும்.

டாக்டரும் நானும் பேசி முடிவு பண்ணியது இது: ஒரே ஒரு புரதம், ஒரே ஒரு தானியம், எட்டு வாரம். புரதம் அவன் இதுவரை வாயிலேயே வைக்காததாக இருக்கணும். நம் வீட்டில் மீன் சமைப்பதே அபூர்வம், அதனால் மீன். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கட்டில் கட்லா கிடைக்கிறது, முள்ளை மட்டும் கவனமாக எடுக்கணும். உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் போடாமல் ஆவியில் வேகவைத்து, ஆறியதும் விரலால் உதிர்த்து ஒரு தடவை முள் எடுத்து, மறுபடியும் தட்டில் பரப்பித் தடவிப் பார்த்து இன்னொரு தடவை எடுக்கணும். நேற்று ஒத்திகை பார்த்தேன். முதல் தடவையில் எல்லாம் எடுத்துவிட்டேன் என்று நினைத்த பிறகும் இரண்டாம் தடவையில் மூன்று முள் கையில் குத்தியது. அதனால் அவசரத்தில் இருப்பவர் கையில் இந்த வேலையைக் கொடுக்காதே. வெங்காயம், பூண்டு பட்ட குழம்பு எப்போதுமே கூடாது. அவை நாயின் ரத்த அணுக்களையே சிதைக்கும்.

தானியத்துக்குக் குழைய வடித்த அரிசிச் சோறு. ராகியைக் கொஞ்ச நாள் நிறுத்து என்றதும் அம்மா முகம் சுருங்கிவிட்டது. நாம் களி என்றாலும், பக்கத்து வீட்டில் சங்கட்டி என்றாலும், எல்லை தாண்டி முத்தே என்றாலும் இந்த மண்ணில் ராகி தின்னாமல் வளர்ந்தது யார்? ராகியில் தப்பில்லை. இரண்டு தானியம் போட்டால் குற்றவாளி யார் என்று தெரியாது. அதோடு நம் வீட்டில் கூழ் என்றால் கை தானாக மோர்ச் செம்புக்குப் போகும். எட்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கலாம்.

வேகவைத்த பிறகு மீனும் சோறும் ஏறக்குறையச் சரிபாதி, ஒரு நாளைக்கு நாலு வேளையாகப் பிரித்து. நாலு மாசம் தாண்டியதும் மூன்று வேளை. ஆனால் கவனி: முள் எடுத்த மீனிலும் சோற்றிலும் வளர்கிற எலும்புக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து கிடையாது. இப்படியே இரண்டு மாசம் போட்டால் கால் வளைந்துவிடலாம். லேப்ரடார் மாதிரி பெரிய சாதிக் குட்டிக்குக் கால்சியம் அளவுக்கு மீறினாலும் எலும்புக்குக் கெடுதல். அதனால் எடை பார்த்து, என்ன சத்துப் பொடி, எவ்வளவு என்று டாக்டர் எழுதிக் கொடுப்பதை மட்டும் கொடு. வாங்கும்போது ஃப்ளேவர் இல்லாததாகக் கேள். நாய் விரும்பித் தின்னட்டும் என்று கோழி, மாட்டிறைச்சி சுவை சேர்த்த மாத்திரைகள் நிறைய. குடல் பூச்சி மாத்திரையிலும் அதைப் பார். எட்டு வாரம் பட்ட பாட்டை ஒரு மாத்திரை கெடுத்துவிடும்.

சமைக்க முடியாமல் போனால் டாக்டர் எழுதித் தருகிற ஹைட்ரோலைஸ்டு தீனி இருக்கிறது. புரதத்தை உடம்பு அடையாளம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சிறு துண்டாக உடைத்துச் செய்வது. விலை அதிகம். வளரும் குட்டிக்கு ஏற்றதுதானா என்று கேட்டுத்தான் வாங்கணும். கடையில் சாதாரணமாகக் கிடைப்பதை வாங்குவதாக இருந்தால் பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பாதே. முன்னால் ஆட்டிறைச்சி என்று பெரிதாக இருக்கும், பின்னால் பொடி எழுத்தில் கோழிக் கொழுப்பு, கோழித் தூள், முட்டைப் பொடி என்று வரிசையாக வரும். "கிரெய்ன் ஃப்ரீ" என்ற வார்த்தைக்காகவும் கூடுதல் காசு கொடுக்காதே. தானியமே இல்லாத தீனிக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2018-ல் விசாரிக்கவே ஆரம்பித்தது. ரத்தம், எச்சில், முடி எடுத்து எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிடுகிறோம் என்பார்கள், அந்தப் பரிசோதனையும் நம்பத்தக்கதில்லை. இந்த எட்டு வாரச் சாப்பாடுதான் சரியான பரிசோதனை.

ஏன் எட்டு வாரம்? சாப்பாட்டால் அரிப்பு வந்த நாய்களில் பெரும்பாலானவை ஐந்தாம் வாரத்துக்குள் தெளிகின்றன. எட்டாம் வாரத்துக்குள் பத்தில் ஒன்பதுக்கு மேல் தெளிந்துவிடும். பத்து நாளில் "ஒண்ணும் குறையலையே" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அம்மா வீட்டுக் காலண்டரில் தினமும் ராத்திரி ஒரு எண் எழுதச் சொல்லியிருக்கிறேன். சொறியவே இல்லை என்றால் 0, தூங்கவே விடவில்லை என்றால் 10. இன்றைக்கு 7.

எனக்கு இருக்கும் பெரிய கவலை மீனும் சோறும் இல்லை. வீட்டு ஆட்கள்தான். பக்கத்து வீட்டுப் பொடியன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிஸ்கட்டோடு ஓடி வருவான். ஜிம்மியும் அவன் செருப்புச் சத்தம் கேட்டதுமே வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறான். அந்தச் சின்னப் பிள்ளையைத் திட்ட எனக்கு மனசு வராது. அவனுக்கென்று ஒரு சின்ன டப்பாவில் வேகவைத்த மீன் துண்டு வைத்துவிட்டேன், "இனிமே இதுதான் ஜிம்மி பிஸ்கட்" என்று. அம்மாவிடம்தான் நீ பேசணும். நான் சொன்னால், "குட்டி இளைச்சுப் போகுது, ஒரு வாய் பால் ஊத்தினா என்ன" என்பார். நீ சொன்னால் கேட்பார். ஒரு வாய்ப் பால் போதும், கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கணும். நடக்கக் கூட்டிப் போகும்போது கறிக்கடைப் பக்கம் போகாமல் ஏரிப் பக்கம் போகச் சொல்.

எட்டு வாரத்தில் எண் 2, 3-க்கு வந்துவிட்டால் அதோடு விட்டுவிடக் கூடாது. பழைய சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்க்கணும். முதலில் கோழி மட்டும், 14 நாள். அரிப்பு வரவில்லை என்றால் கோழி குற்றவாளி இல்லை, பிறகு பால், பிறகு கோதுமை. வந்துவிட்டால் அதை உடனே நிறுத்திவிட்டு, தோல் ஆறின பிறகு அடுத்தது. எட்டு வாரமும் எண் இறங்கவே இல்லை என்றால் பெரும்பாலும் சாப்பாடு காரணமில்லை. அப்போது தூசி, மகரந்தம் மாதிரி வேறு அலர்ஜியைப் பார்க்கணும். நம் டாக்டர் கை தாண்டினால் சென்னை வேப்பேரியில் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தோல் நோய்க்கென்றே பிரிவு இருக்கிறது, அங்கே போகலாம். இடையில் முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, தோலில் சீழ் வைத்தாலோ காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடணும்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது தீனிப் பாக்கெட் எதுவும் வேண்டாம் கண்ணு. எவர்சில்வர் தட்டு ஒன்று வாங்கி வா, பழைய பிளாஸ்டிக் தட்டில் கோழிக் கொழுப்பு கழுவக் கழுவப் போகவில்லை. எடை பார்க்கத் தராசு டாக்டரிடம் இருக்கிறது, திங்கள் காலையில் நானே தூக்கிப் போகிறேன். மீன் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுவேன். நீ வந்ததும் முள் எடுக்க உட்கார்.