முன் சில்லைப் பற்றி, தம்பிக்கு

தம்பி, தோட்டத்து ஜீப்பை இனி நீதான் ஓட்டப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். முன்பக்கத்துக்கு எந்த ஸ்பிரிங் நல்லது என்று கேட்டிருந்தாய். ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்து மண் றோட்டுகளில் நாற்பது வருஷம் ஓட்டியும் கழற்றிப் பூட்டியும் பட்டதைச் சொல்கிறேன்.

1. முதலில் றோட்டை நடந்து பார். மழைக்குப் பிறகு மேல் டிவிசன் றோட்டில் இரண்டு பக்கமும் தடம் ஆழமாக விழுந்து, நடுவில் கல்மேடு நிற்கும். இரண்டு முன் சில்லும் ஒரே எக்சலில் நிற்கும் வண்டியில் ஒரு சில்லு கல்லில் ஏறினால் நடுவிலுள்ள டிஃபரென்சலும் கூடவே எழும். சில்லுகள் தனித்தனியே ஆடும் வண்டியிலோ, பாரத்தில் மூக்கு அமுங்கும்போது வயிறும் இறங்கும். மேட்டுக்கல் அங்கேதான் இடிக்கும். ஆனால் நுவரெலியாவுக்குக் காபட் றோட்டில் நோயாளியைக் கொண்டுபோகும் நாளில், அந்தத் தனித்தனிச் சில்லு வண்டியைத்தான் நான் கேட்டு வாங்குவேன். ஒரு பக்கக் குழியின் அடி மறுபக்கம் போகாது.

2. பழையதை மதி; அதற்காகப் பொய் சொல்லாதே. 1948இல் வந்த முதல் லேண்ட் ரோவருக்கு முன்னும் பின்னும் பிளேட் ஸ்பிரிங்தான். 1983இல் அதே கம்பனி கொயில் ஸ்பிரிங்கோடு ‘வன் டென்’னைக் கொண்டுவந்தபோது, “சுருள்கம்பி மலைக்கு ஆகாது” என்று கராஜில் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். பிறகு ஒருநாள் அதை ஓட்டக் கிடைத்தது. என் பழைய வண்டி ஒரு சில்லைத் தூக்கிக்கொண்டு சுற்றும் கொண்டை ஊசி வளைவில், அது நான்கு சில்லையும் தரையில் வைத்து ஏறியது. நான் சொன்னது பிழை என்று ஒப்புக்கொள்ள அன்றைக்கே வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

3. தாங்குவது எது, பிடிப்பது எது என்று தெரிந்துகொள். பிளேட் ஸ்பிரிங் பாரத்தையும் தாங்கும், எக்சலையும் பிடித்துக்கொள்ளும். கொயில் தாங்க மட்டும் செய்யும். பிடிப்பதற்குத் தனிக் கம்பிகள் உண்டு, அவற்றின் புஷ் தேய்ந்தால் ஸ்டியரிங் அலையும். 1982இல் வந்த முதல் பஜெரோவில் முறுக்கிக்கொள்ளும் நீளக் கம்பி, டோர்ஷன் பார். அதன் போல்டை இறுக்கினால் வண்டி உயரும். பொடியன்கள் அழகுக்காக முழுக்க இறுக்கிவிடுகிறார்கள். பிறகு குழியில் சில்லு கீழே இறங்க இடமிருக்காது; போல் ஜொயின்டும் சீக்கிரம் போய்விடும்.

4. கண்ணில் பட்டதை நாளைக்கென்று வைக்காதே. ஒருநாள் காலையில் முன் இடது ஸ்பிரிங்கின் முதல் பிளேட்டில் மயிரிழை போல ஒரு செங்கோடு கண்டேன். விரலால் தடவினேன், துரு ஒட்டியது. பின்னேரம் பார்ப்போம் என்று விட்டேன். மத்தியானம் கொழுந்து மூட்டைகளோடு மழையில் நனைந்த மூன்று பெண்கள் ஏறினார்கள். இறக்கத்து வளைவில் பிரேக் பிடித்ததும் பாரமெல்லாம் முன்னுக்கு வந்தது. பிளேட் முறிந்து, எக்சல் அந்தப் பக்கம் பின்னுக்குப் போய், ஸ்டியரிங் என் கையைப் பறித்துக்கொண்டது. மேட்டுப்பக்கக் கானில் விழுந்து நின்றோம். ஒரு அக்காவுக்கு முன்பல் உடைந்து வாயெல்லாம் இரத்தம். அவர் என்னைப் பார்த்து, “பயந்துட்டியா தம்பி?” என்று கேட்டார். காலையிலேயே அந்தக் கோட்டைப் பார்த்தேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

5. தெரியாததைக் கேள். பழைய லேண்ட் ரோவரின் முன் ஸ்பிரிங்கில் சாரதி பக்கத்துக்கு வேறு, மற்றப் பக்கத்துக்கு வேறு. மாற்றிப் பூட்டிவிட்டு, வண்டி ஏன் சாய்கிறது என்று ஒரு கிழமை சேஸியை அளந்துகொண்டிருந்தேன். பக்கத்து கராஜ் பாஸிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷம்.

6. கிழட்டு வண்டியைத் திட்டாதே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அத்தனை வருஷமும் தோட்டத்துப் பிள்ளைத்தாய்ச்சிகளை இறக்கிக் கொண்டுபோனவை இந்தப் பழசுகள்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே எழுந்து, டோர்ச்சோடு அடியில் படு. சேற்றைக் கழுவிவிட்டுப் பார். சேறு வெடிப்பை மறைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வா. முன் சில்லைக் கழற்றி வைக்கிறேன். பழைய துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொண்டுவா.