இளைத்த ஆட்டுக்கு அவசரப்பட்டு அரிசி போடாதீர்கள்

ஐப்பசி மாத ஆலோசனை: கீரனூர், குளத்தூர், குன்னாண்டார்கோவில் வட்டார ஆடு வளர்ப்போருக்கு

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். ஆடி, ஆவணி மழை தவறிய ஊர்களில் செம்மறிகள் எலும்பும் தோலுமாக மழைக்குள் நுழைகின்றன. தைலமரக் காடு சூழ்ந்த ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். அந்த மரங்களுக்கடியில் ஆடு வாய் வைக்கும்படி புல் அதிகம் முளைப்பதில்லை. போதாக்குறைக்கு, தீபாவளி நெருக்கத்தில் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று இளைத்த ஆடுகளை வாங்கி வந்து, தைப் பொங்கலுக்குள் தேற்றி விற்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. தேற்றலாம்தான். ஆனால் பட்டினி கிடந்த ஆடு, பசித்த நாட்களில் தப்பிவிட்டு, சோறு கிடைத்த முதல் வாரத்தில் சாவதும் உண்டு. இந்த ஆலோசனையை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

முதலில் கையால் தடவிப் பாருங்கள். ரோமத்தின் மேல் பார்த்து ஆட்டின் சதையைக் கணக்கிட முடியாது. கடைசி விலாவுக்குப் பின்னால் முதுகுத்தண்டின் மேல் விரல்களை அழுத்துங்கள். எலும்பு முனைகள் கூராகக் குத்தி, பக்கவாட்டு எலும்புக்கு அடியில் விரல் நுழைந்தால் அது 5க்கு 1 மதிப்பெண் பெறும் ஆடு. முனை மழுங்கி, சதை நிரவியிருந்தால் 3. நம் பட்டியில் 3 இருந்தாலே போதும். அடுத்து வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பல் விழுந்த கிழட்டு ஆடு என்ன போட்டாலும் தேறாது, அதற்குச் செலவழிக்காதீர்கள்.

அதைவிட முக்கியமானது கண். கீழிமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் எச்சரிக்கை. காகிதம் போல வெளுத்திருந்தால் ஆட்டின் ரத்தத்தைப் புழு குடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்காவில் இதே சோதனைக்கு ஐந்து நிற அட்டை ஒன்றை உருவாக்கினார்கள்; இன்று பல நாடுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆட்டின் நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொள்ளும் ரத்தம் குடிக்கும் புழு ஒன்று, நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி ரத்தத்தை இழக்க வைக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 25 கிலோ ஆட்டின் உடம்பில் ஓடுவதே ஒன்றரை லிட்டர் சொச்சம்தான். கழிச்சலே இல்லாமலும் இந்தப் புழு ஆட்டைக் கொல்லும். தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போலத் தொங்கினால் இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். கண்மாய் ஓரம் மேய்ந்த ஆடாக இருந்தால் நத்தை வழியாக வரும் ஈரல் தட்டைப்புழுவும் சேர்ந்திருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

குடற்புழு மருந்தைக் கண் மதிப்பில் ஊற்றுவதை விட்டுவிடுங்கள். எடை போட்டு, அதற்கேற்ற அளவு கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் சாகாமல் தப்பும் புழுக்களே அடுத்த தலைமுறையைப் பெருக்கும். பிறகு அந்த மருந்து உங்கள் பட்டியில் வேலை செய்யாது. சினை ஆட்டுக்கு எல்லா மருந்தும் ஆகாது என்பதால் சினை விவரத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கண் வெளுக்காத ஆட்டுக்கு அவசரமில்லை. மூன்று நான்கு நாள் தின்று தெம்பு வந்த பிறகு கொடுக்கலாம்.

இனி தீனி. முதல் இரண்டு நாள் தண்ணீரும் காய்ந்த தீவனமும் மட்டும். தானாகக் குடிக்கிற ஆட்டுக்கு வலுக்கட்டாயமாக எதையும் ஊற்ற வேண்டாம். குடிக்கவே தெம்பில்லை என்றால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, ஒரு வேளைக்கு 100 முதல் 200 மில்லி வீதம் நாலைந்து வேளை கொடுங்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கடைவாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தலையை அண்ணாந்து தூக்கினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். பிறகு ஆடு நிமோனியாவில் போகும்.

நம் மாவட்டத்துக்குக் கிடைத்த வரம் கடலைக்கொடி. நன்றாகக் காய்ந்த கொடியை வேண்டிய மட்டும் போடலாம். உளுந்துக்கொடியும் நல்லதே. ஆனால் மழையில் நனைந்து பூசணம் பிடித்த கொடியையும் பிண்ணாக்கையும் தூக்கி எறியுங்கள். அந்தப் பூசண நஞ்சு ஈரலைத் தாக்கும். மூன்றாம் நாளிலிருந்து அகத்தி, வேலிமசால், சவுண்டல் தழைகளைக் கைப்பிடியாகச் சேர்க்கலாம். அடர்தீவனத்தை 50 கிராமில் தொடங்கி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 50 கிராம் கூட்டி, 250 கிராமில் நிறுத்துங்கள். தாது உப்பு வாங்கும்போது ஆட்டுக்கென்று விற்பதையே கேளுங்கள். செம்மறிக்குத் தாமிரம் கொஞ்சம் கூடினாலும் நஞ்சு. கோழிக்கும் பன்றிக்கும் தயாரித்த தீவனம் கூடவே கூடாது.

அரிசி, சோறு, கஞ்சி, இட்லி மாவு, விசேஷ வீட்டு மிச்சம் இவற்றை ஆட்டின் கண்ணில் காட்டாதீர்கள். பட்டினி கிடந்த வயிற்றில் மாவுச்சத்து மொத்தமாக விழுந்தால் அது புளித்து அமிலமாகும். அசைபோடுவது நின்று, வயிறு உப்பி, ஆடு தள்ளாடி ஒரே நாளில் படுத்துவிடும். தெரியாமல் தின்றுவிட்டால், 20 கிலோ ஆட்டுக்கு 15 முதல் 20 கிராம் ஆப்பசோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து மெதுவாகக் கொடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சோடா முதலுதவி மட்டுமே.

மழை விழுந்ததும் பூமி பச்சை கட்டும். அந்த இளம்புல்லில் இளைத்த ஆட்டை நாள் முழுக்க விடுவதும் ஆபத்து. துள்ளுமாரி நோய் அதிலும் வரலாம். காலையில் காய்ந்த தீவனம் போட்டு, பனி காய்ந்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் விடுங்கள். ஈரப் புல்லின் நுனிக்குப் புழுக் குஞ்சுகள் ஏறி நிற்கும் நேரமும் அதிகாலைதான்.

புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987இல், விழுப்புரத்தை அடுத்த அரசூரில். அந்த நோயோடு வெளியிலிருந்து வந்த ஒரு ஆடு பட்டியையே அழித்துவிடும். அதற்கான தடுப்பூசியைத் திடமாக இருக்கும் ஆடுகளுக்கு இப்போதே போடுங்கள்; இளைத்தவை தேறிய பிறகு, மருத்துவர் சொல்லும் நாளில் போடலாம். மழைக்காலத்துக் கடிபூச்சிகளால் நீலநாக்கு நோய் பரவும் பருவமும் இதுவே. உதடு வீங்கி, வாயில் புண்ணோடு நொண்டும் ஆட்டை மந்தையில் சேர்க்காதீர்கள்.

கொட்டகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டியபோது ஆடுமாடுகள் ஏராளமாகச் செத்தன. உடம்பில் கொழுப்பில்லாத ஆட்டுக்கு ஒரு இரவு நனைவதே போதும். மேற்கூரை ஒழுகாமல், தரை மேடாகவும் காய்ந்தும் இருக்கட்டும். வாடைக்காற்று வரும் வடபக்கத்தைச் சாக்கு கட்டி மறையுங்கள். உண்ணிக்காக இளைத்த ஆட்டைக் குளிப்பாட்டும் வேலையை வெயில் நாள் வரும்வரை தள்ளிப் போடுங்கள்.

வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை பாருங்கள். மூன்று வாரமாகியும் ஏறவில்லை என்றால் தீனியைக் கூட்டாமல், புதிதாகப் போட்ட புழுக்கையைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். படுத்த ஆடு எழவில்லை என்றால் 1962க்கு அழையுங்கள். கால்நடை ஊர்தி வரும்.