எதிரே வருபவர் திட்டாத ஹெட்லைட்: வீட்டிலேயே செய்து பார்க்க சில குறிப்புகள்

ஐந்தாறு வருடம் ஓடிய காரில் ராத்திரி ரோடு சரியாகத் தெரியவில்லை என்றால், எல்லோர் கையும் முதலில் போவது எல்.இ.டி. பல்புக்குத்தான். என் கணக்கில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. கம்பெனி கொடுத்த வெளிச்சத்தில் பாதி, மங்கிய லென்ஸிலும் இளைத்த ஒயரிலும் தொலைந்து போயிருக்கும். அதை மீட்ட பிறகு புது பல்பு தேவையா என்று பாருங்கள். கீழே உள்ளவை எச்4 ஹாலஜன் பல்பு போட்ட கார்களை மனதில் வைத்துச் சொன்னவை. எச்7 வண்டிக்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. முதலில் லென்ஸைப் பாருங்கள். இப்போதைய ஹெட்லைட் முகப்பு கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட். அதன்மேல் இருக்கும் பாதுகாப்புப் பூச்சு வெயிலில் போய்விட்டால் மஞ்சள் பூத்துவிடும். சுற்றிலும் பெயின்ட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து 800, 1500, 2000, 3000 என்ற வரிசையில் உப்புத்தாள் போடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கீறல் போய்விட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும். பிறகு பாலிஷ். அத்தோடு நிறுத்திவிடாமல், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் சில மாதத்தில் பழைய மஞ்சள் திரும்பிவிடும். டூத்பேஸ்ட் வைத்தியம் காரை விற்கும் நாளுக்கு மட்டும் உதவும்.

2. அடுத்தது மல்டிமீட்டர். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் எரியும்போது பேட்டரி முனைகளில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பிறகு பல்பின் ப்ளக்கிற்குப் பின்னால் முள்ளைச் செருகிப் பாருங்கள். பேட்டரியில் 14, பல்பில் 12.5 என்று வந்தால் கோளாறு பல்பில் இல்லை. ஸ்விட்ச், மெல்லிய ஒயர், துருப்பிடித்த எர்த் என்று வழியில் கசிகிறது. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். இதைச் சரி செய்தாலே புது பல்பு போட்ட மாதிரி இருக்கும்.

3. அதற்கு வழி ரிலே கிட். சென்னை ஜி.பி. ரோடு மாதிரி கார் உதிரிபாகத் தெருக்களில் எச்4-க்கு ரெடிமேடாகவே கிடைக்கும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே. பல்புக்குப் போகிற கரண்ட் முழுதும் ஸ்டியரிங் அருகே உள்ள ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வராமல், பேட்டரியிலிருந்து நேராக வரும். ஸ்விட்ச் வேலை ரிலேயை இயக்குவது மட்டும். இந்தக் கிட்டில் நான் காசைப் பார்க்க மாட்டேன். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. மலிவான கிட்டில் மேலே தடித்த உறை, உள்ளே நாலைந்து செப்பு நூல் என்று இருக்கும்; ஓரத்தில் கொஞ்சம் சீவிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மாட்டும்போது பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றுங்கள். பிளஸிலிருந்து வரும் ஒயரில் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்; தள்ளிப் போட்டால் இடையில் ஒயர் உரசித் தீப்பிடிக்கும்போது ஃபியூஸ் வேடிக்கைதான் பார்க்கும். ரிலேயில் 30 என்று போட்டிருக்கும் காலுக்கு பேட்டரி, 87-க்கு பல்பு, 85-க்கும் 86-க்கும் பழைய ஹெட்லைட் ப்ளக். ஒரு பக்கத்துப் பழைய ப்ளக் போதும். இன்னொன்றைத் தண்ணீர் புகாமல் டேப் சுற்றிக் கட்டி வைத்துவிடலாம். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கட்டும், மழைத்தண்ணீர் தேங்காது. எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, லக் வைத்து, போல்ட் முடுக்குங்கள். முறுக்கி டேப் ஒட்டுவது கல்யாண வீட்டு சீரியல் லைட்டுக்குப் போதும், காருக்குப் போதாது.

4. ஒரு பொறி: சில கார்களில், குறிப்பாக ஜப்பானிய வடிவமைப்பில் வந்தவற்றில், ஹெட்லைட்டின் பொது முனை எர்த் அல்ல, எப்போதும் பிளஸ், ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும். பழைய ப்ளக்கைக் கழற்றி, லைட்டைப் போட்டு, பாடியை எர்த்தாக வைத்து மூன்று ஓட்டையிலும் மீட்டரை வையுங்கள். டிம், பிரைட் இரண்டிலும் ஒரே ஓட்டையில் 12 வோல்ட் மாறாமல் நின்றால் உங்கள் வண்டி அந்த ரகம். ரிலே காயிலின் ஒரு முனையைப் பாடியில் கொடுக்காமல், பழைய ப்ளக்கின் பொது முனையிலேயே கொடுத்தால் இரண்டு ரகத்துக்கும் ஒத்துப்போகும். உள்ளே டயோடு இல்லாத ரிலேயாக வாங்குங்கள்.

5. கம்ப்யூட்டர் வழியாக ஹெட்லைட் எரிகிற புதுக் கார்களில் ரிலே கிட் வேண்டாம். கரண்ட்டைத் துண்டு துண்டாக அனுப்பும் அமைப்பு சிலவற்றில் உண்டு. ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும். வாரன்டி போகிற வேதனை தனி.

6. எச்4 என்றால் 60/55 வாட். 100/90 பல்பு போட்டால் இரண்டு பல்பும் சேர்ந்து பிரைட்டில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய ஹோல்டர் உருகும். அதற்கென்று செராமிக் ஹோல்டர் விற்கிறார்கள், சரி. உள்ளே பளபளக்கும் ரிஃப்ளெக்டரின் பூச்சு சூட்டில் பால் நிறமாகிப்போனால் அதற்கு எங்கே போவது? கூட்டிய வாட் எல்லாம் அதோடு போச்சு.

7. பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்பின் ஆயுளைக் குறைக்கும்.

8. இவ்வளவுக்குப் பிறகும் எல்.இ.டி. வேண்டுமா? எச்4 பல்பை ஒருமுறை கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை. டிம் இழைக்குக் கீழே மட்டும் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். இழையின் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் தடுப்பது அதுதான். டிம் போட்டால் வெளிச்சம் மேலே எழும்பாததற்கு அந்தக் கிண்ணமே காரணம். எல்.இ.டி. பல்பில் சில்லுகள், இழை இருந்த அதே இடத்தில், அதே நீளத்தில், கீழே அதே மறைப்போடு இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் முன்பின்னானாலும் ரிஃப்ளெக்டர் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். ஓட்டுபவருக்கு முன்னால் பத்தடி பளிச்சென்று இருக்கும், மரக்கிளை எல்லாம் தெரியும், ஆனால் தூரத்தில் வரும் மாடு தெரியாது.

பெட்டியில் இருக்கும் லூமென் கணக்கை நம்ப வேண்டாம். நல்ல எச்4 ஹாலஜனே 13.2 வோல்ட்டில் பிரைட்டுக்கு 1,650, டிம்முக்கு 1,000 லூமென் அளவில்தான் கொடுக்கும். கட்டைவிரல் பருமன் பல்பு ஒன்று 20,000 தருகிறது என்று அச்சடித்திருந்தால் அந்தக் கடையை விட்டு நகருங்கள். ஜெர்மனியில் 2020-இல் ஆஸ்ராம் கம்பெனியின் எச்7 எல்.இ.டி. பல்புக்கு ரோட்டில் போட அனுமதி கிடைத்தது. அதுவும் சோதித்துப் பட்டியலிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். பல்பு நல்லது என்பது மட்டும் போதாது, உங்கள் ஹெட்லைட்டுக்குள் அது நல்லதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எச்7-இல் எல்.இ.டி. போட்டால் சில்லுகள் இடமும் வலமும் பார்க்கும்படி காலரைத் திருப்பி வையுங்கள். மேலும் கீழும் பார்த்தால் ஃபோகஸ் கெட்டுவிடும். மாட்டியதும் ரேடியோவைப் போட்டுப் பாருங்கள். எஃப்.எம். கரகரத்தால், பல்போடு வரும் டிரைவர் சர்க்யூட் மட்டமான சரக்கு. பின்னால் ஃபேன் இருக்கிறதே என்று ரப்பர் மூடியை வெட்டி ஓட்டை போடாதீர்கள். முதல் மழையிலேயே ஹெட்லைட்டுக்குள் வியர்த்துவிடும்.

9. இழைக்குப் பதில் வாயுவில் மின்பொறி எரியும் எச்.ஐ.டி. கிட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எரியத் தொடங்கும் நொடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும்; முழு வெளிச்சம் வரச் சில நொடி பிடிக்கும். சாதாரண ரிஃப்ளெக்டரில் போட்டால் எதிரே வருபவருக்குக் கண் அவிந்துவிடும். வெளிச்சத்தைக் குவிக்கும் புரொஜெக்டர் லென்ஸ் இல்லாத வண்டியில் வேண்டவே வேண்டாம்.

10. நிறம்: ஹாலஜன் சுமார் 3,200 கெல்வின். 6,000 பால் வெள்ளை, 8,000 நீலம். நீலம் ஏற ஏறப் பார்க்க அழகு, மழை ரோட்டில் தண்டம். நீலப் பூச்சு அடித்த ஹாலஜன் பல்பு அதைவிட மோசம், இருக்கிற வெளிச்சத்தையே பூச்சு விழுங்கிவிடும். 4,300-ஐத் தாண்டாமல் இருந்தால் எனக்குத் திருப்தி.

11. முழு ஹெட்லைட் செட்டையே மாற்றுகிறவர்கள் லென்ஸில் பொறித்திருக்கும் குறியைப் பாருங்கள். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். நம் டிம் வெளிச்சம் இடது ஓரத்தில் மேலேறி, வலப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி, வட்டத்துக்குள் ‘E’ என்ற முத்திரையோடு செய்த லைட்டில், இடப்பக்கப் போக்குவரத்துக்கு உரியது என்றால், முன்னால் நின்று பார்க்கும் உங்களுக்கு வலப்பக்கம் நோக்கிய அம்புக்குறி இருக்கும். இருபுறமும் அம்பு என்றால் இரண்டுக்கும் ஆகும். முத்திரை இருந்தும் அம்பே இல்லை என்றால் அது வலப்பக்கம் ஓட்டும் நாட்டுச் சரக்கு, எதிர் வண்டியின் முகத்தில்தான் போய் விழும். விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

12. ஹெட்லைட்டைக் கழற்றும்போது: பல வண்டிகளில் பம்பரைத் தளர்த்தாமல் செட் வெளியே வராது. கழற்றும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளை ஒரு பழைய இட்லித் தட்டில் குழிக்கு ஓர் இடம் என்று போட்டு வைத்தால், மாட்டும்போது எது எங்கே என்ற குழப்பம் வராது. பிளாஸ்டிக் கிளிப் இரண்டு மூன்று உடையத்தான் செய்யும், உபரி வாங்கி வையுங்கள். பழைய துணியைத் தரையில் விரித்து லென்ஸைக் கவிழ்த்து வையுங்கள்.

13. புரொஜெக்டர் வைக்க ஹெட்லைட்டையே பிளப்பது வேறு வித்தை. ஓரத்து கோந்து சூட்டில் இளகும் ரகமாக இருந்தால் ஹீட் கன் வைத்து மெல்ல நெம்பலாம். இறுகிப்போகும் ரகம் என்றால் லென்ஸ்தான் விரியும். முதல் பரிசோதனையை, சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகக் கடைகளில் வாங்கிய பழைய செட் ஒன்றில் செய்துகொள்ளுங்கள்.

14. என்ன மாற்றினாலும் ஃபோகஸ் வைக்காமல் ரோட்டில் இறக்காதீர்கள். சமதளமான இடமும் ஒரு சுவரும் போதும். அப்பார்ட்மென்ட் பார்க்கிங் தாராளம். டயர் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கியில் மூட்டை எதுவும் வேண்டாம், டிரைவர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும், டேஷ்போர்டில் ஹெட்லைட் உயரம் மாற்றும் திருகு இருந்தால் 0-வில் வையுங்கள்.

காரைச் சுவருக்கு ஒட்டினாற்போல் நிறுத்தி, இரண்டு பல்பின் நடுமையத்துக்கும் நேராகச் சுவரில் டேப்பால் சிலுவைக் குறி போடுங்கள். பிறகு நேராகப் பின்னால் 5 மீட்டர் வாருங்கள். டிம் போட்டு, ஒரு லைட்டை அட்டையால் மறைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் கோடு சிலுவைக்குக் கீழே இருக்க வேண்டும். எவ்வளவு கீழே என்பது ஹெட்லைட் மேலேயோ பானட்டுக்கு அடியிலேயோ சதவீதமாக எழுதியிருக்கும். 1 சதவீதம் என்றால் 5 மீட்டரில் 5 சென்டிமீட்டர், 1.3 என்றால் 6.5. கோடு வலப்பக்கம் மட்டமாக ஓடி, சிலுவைக்கு அருகே இடப்பக்கம் ஏற வேண்டும். பின்னாலிருக்கும் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள்.

கோடே தெளிவாக விழாமல் பஞ்சு மாதிரி பரவினால், திருகிப் பயனில்லை. அந்த பல்பு உங்கள் ரிஃப்ளெக்டருக்குப் பொருந்தவில்லை. கழற்றிவிட்டு பழையதை மாட்டுங்கள். பழைய பல்பைத் தூக்கிப் போடாமல் இருப்பது இதற்காகத்தான்.

15. சட்டம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது, 8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசாதபடி வெளிச்சம் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே அதே வாட் பல்பு, லென்ஸ் பாலிஷ், ஒயர் சீர்திருத்தம் இவற்றோடு நின்றால் ஆர்.டி.ஓ. முன் தைரியமாக நிற்கலாம். அதைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள். சிவப்பு, நீலத்தில் மின்னும் லைட் எதுவும் காரின் முன்னால் வேண்டாம்.

16. சாலைப் பாதுகாப்பு வாரங்களில் போலீஸார் ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். பழைய வட்ட லைட்டுகளுக்கு அது ஏதோ செய்திருக்கலாம். இப்போதைய லைட்டில் கூசலைக் குறைப்பது ஃபோகஸ்தான், ஸ்டிக்கர் அல்ல என்பது என் கட்சி.

17. வேலை முடிந்து ஒரு வாரம் ஓட்டியபின், அரைமணி நேரம் லைட் எரிந்த வண்டியில் சுவிட்சை அணைத்துவிட்டு ரிலே ஒயர், ஹோல்டர், ஃபியூஸ் மூன்றையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை பொறுக்காத சூடு என்றால் அந்த இணைப்பு லூஸ். கூடவே எச்4 பல்பு ஒன்றும், கிட்டில் இருக்கும் அதே ஆம்பியரில் இரண்டு ஃபியூஸும் டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.