மோந்து பார்த்தால் போதாதா?

கேள்வி: எங்கள் முதியோர் இல்லத்தில் மிஞ்சிய சோறு, குழம்பு எதுவானாலும் தேதியும் நேரமும் எழுதி ஒட்டச் சொல்கிறார்கள். கெட்டுப்போனது மோந்து பார்த்தாலே எனக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் கொதிக்க வைத்துவிடுவேன். பிறகு எதற்கு இந்தச் சீட்டு?
– சமையல்காரர் ஒருவர், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் மூக்கை நான் குறை சொல்ல மாட்டேன். அது ‘வேண்டாம்’ என்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ‘பரவாயில்லை’ என்றால் மட்டும் நம்பாதீர்கள். நாற்றம் தரும் கிருமி வேறு, நோய் தரும் கிருமி வேறு. பின்னது மணம், நிறம், ருசி எதையும் மாற்றாமலே பெருகக்கூடியது.

சரி, கொதிக்க வைத்தால்? மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியோடு வந்துவிடும். வித்து என்பது சூட்டைத் தாங்கும் அதன் உறக்க நிலை. உலை கொதித்தாலும் பிழைத்து, சோறு வெதுவெதுப்பானதும் விழித்துப் பெருகும். சில வகைகள் செரூலைடு என்ற நஞ்சையும் சுரக்கும். மறுபடி கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், நஞ்சு சாகாது. 1970-களில் இங்கிலாந்தின் சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்ட பலர் வாந்தியெடுத்தது இதனால்தான். ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டி தட்டும் என்று இரவெல்லாம் வெளியே விட்ட சோற்றை, மறுநாள் சுடச்சுட வறுத்தே கொடுத்தார்கள்.

“பழைய சோறு சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்?” என்பீர்கள். நீரூற்றிய சோற்றிலும் ராகிக் கூழிலும் லாக்டிக் அமில பாக்டீரியா புளிப்பேற்றி மற்ற கிருமிகளைப் பெரும்பாலும் அடக்கிவைக்கிறது. அண்டாவில் சும்மா மூடிவைத்த சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை.

ஆக, பார்க்க வேண்டியது சூடும் நேரமும்தான். கிருமி வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள். சூடான உணவு 60-க்கு மேல், குளிர்ந்தது 5-க்குக் கீழ் இருக்க வேண்டும். அண்டாவின் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரமாகும். அகலமான தட்டுகளில் பரப்பி ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

வீட்டில் சமைத்தவரே பரிமாறுவதால் நேரம் நினைவிருக்கும். இல்லத்திலோ ராத்திரி சமைப்பவர் வேறு, காலையில் ஃப்ரிட்ஜைத் திறப்பவர் வேறு. இளவயதுக்காரர் ஒரு நாளில் தேறிவிடும் வாந்திபேதி, நீர்ச்சத்து இழப்பால் முதியவரை மருத்துவமனைக்கே கொண்டுபோய்விடும்.

சீட்டில் உணவின் பெயர், சமைத்த தேதி, நேரம், எதற்குள் தீர்க்க வேண்டும் என்பது, உப்பில்லாதது என்றால் அதுவும் இருக்கட்டும். பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால், மூடி மாறும்போது ரசம் சாம்பாராகிவிடும்!