படைவீரர் மக்களும் பல்கலைக் கழகக் கல்வியும்

வடவார்க்காட்டு மண்ணினின்று படையிற் சேர்தல் நெடுநாளைய வழக்கம். வேலூரையடுத்த கம்மவான்பேட்டை 'மிலிட்டரி' ஊரென்றே பெயர் பெற்றுளது. 1989-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகப் பிரிந்த எம் திருவண்ணாமலையினும் தீபத்திருநாளுக்கு விடுமுறை பெற்று வரும் வீரரைக் காணலாம். அவர்தம் மக்கள் கல்லூரி புகுங்கால் எய்தும் இடர் யாதென்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

அவர்க்கு உதவியே இல்லை என்பார் கூற்று உண்மையன்று. தமிழ்நாட்டுப் பொறியியற் சேர்க்கையில் முன்னாட் படைவீரர் மக்கட்கென 150 இடங்கள் உள. 2006-இல் தோன்றிய பிரதம மந்திரி உதவித்தொகை ஆண்டுதோறும் 5,500 பேர்க்கு வழங்கப்படுவது. 2019 முதல் திங்கள்தோறும் ஆடவர்க்கு 2,500 ரூபாயும் பெண்டிர்க்கு 3,000 ரூபாயும் ஆயிற்று. நூற்றுக்கு 50 மதிப்பெண் பெறாதார்க்கு அது தொடராது. தொழிற்படிப்புகட்கே அஃது உரியது. தமிழும் வரலாறும் பயில்வார்க்கு இல்லை. எம் துறையினர்க்கு இது வியப்பன்று!

பணத்தினும் பெரிய இடர் இடம் பெயர்தலே. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு இடங்கள் மருத்துவத்தில் 2020-இலும், பொறியியல் முதலியவற்றில் 2021-இலும் சட்டத்தால் ஒதுக்கப்பட்டன. அதனைப் பெறப் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே பயின்றிருத்தல் வேண்டும். சிப்பாய் ஒருவர் மகள் ஏழாம் எட்டாம் வகுப்புகளைத் தந்தையுடன் ஜோத்பூரிற் பயின்று, பின் ஊர்ப்பள்ளிக்கு மீண்டாளாயின் அவ்வுரிமை அவட்கில்லை. மாற்றம் அரசின் ஆணையால் நேர்ந்தது, இழப்போ குழந்தையினது. ஆணையின்வழி வெளிமாநிலத்திற் கழிந்த ஆண்டுகளை விலக்கிக் கணக்கிடுதல் அரிதன்று என்பது என் கருத்து.

படைப்பிரிவுப் பள்ளிகள் இருபதைக் கொண்டு 1963-இல் தொடங்கிய மத்தியப் பள்ளிகள், இன்றைய கேந்திரிய வித்தியாலயங்கள், எங்கும் ஒரே பாடத்திட்டமுடையன. ஆதலின் மாறுதல் எளிது. ஆனால் வடபுலத்தில் தமிழ் கற்பது எவ்வாறு?

எம்முடன் பயிலும் நண்பரொருவர் பன்னீராண்டில் ஐந்து பள்ளி கண்டவர். பாட்டியிடம் எம்மூர்த் தமிழைத் தடையின்றிப் பேசுவார். எழுதுகோலெடுத்தால் ழகரமும் ளகரமும் தடுமாறும். அவர் வகுப்பில் உரக்கப் படித்த அன்று நகைத்தோருள் யானும் ஒருவன். முதற்பருவத் தேர்வில் தமிழில் தவறியதும் அவர் பெட்டியைக் கட்டலானார். அப்போதுதான் எம் நகைப்பு எமக்கு உறைத்தது. மாலைதோறும் ஒருமணி நேரம் இருவர் அவரோடமர்ந்தோம். பேச்சறிந்தவர்க்கு எழுத்து வாராதோ? மூன்று திங்களில் வந்தது. அடுத்த தேர்வில் தேறினார்.

இவ்வாண்டு விடுதிக்கு அத்தகையார் மூவர் வந்துளர். மாலை வகுப்பை நடத்துபவர் அந்நண்பரே.